மூன்று போத்தலும் மூன்று கரண்டி சீனியும்

கேள்வி:

எனக்கு வயது 46. நாங்கள் நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்யும் குடும்பம். என் உயரம் 158 சென்றிமீற்றர், நிறை 71 கிலோ. தையல் நாடாவால் அளந்தால் வயிற்றுச் சுற்றளவு 37 அங்குலம். போன மாதம் வெறுவயிற்றில் இரத்தம் சோதித்தபோது சீனி 112 என்று வந்தது. "வருத்தம் இன்னும் வரேல்லை, கரையிலை நிற்குது" என்று டொக்டர் சொன்னார். பிரஷர் இல்லை.

கனடாவில் இருக்கும் தங்கச்சி கடல் பார்சலில் சீ.எல்.ஏ. என்ற குளிசை மூன்று போத்தல் அனுப்பியிருக்கிறாள். ஒரு போத்தலில் 90 குளிசை. "அக்கா, இது பாலிலை இருக்கிற சத்துத்தான். கொழுப்பைக் கரைச்சுத் தசையைக் கூட்டும். பயப்பிடாமல் போடுங்கோ" என்கிறாள். நாலு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கும் என் மகளும் தனக்கு ஒரு போத்தல் கேட்கிறாள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் நாங்கள் மச்சம் தொடுவதில்லை. அந்த நாட்களில் இதை எடுக்கலாமா? இது மீனெண்ணெய்க் குளிசை மாதிரியா?

சோற்றை ஒரேயடியாகக் குறைத்துப் பார்த்தேன், பசி தாங்கவில்லை. நாளுக்கு மூன்று தேத்தண்ணி குடிப்பேன், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி. வீட்டில் எப்போதும் ஒரு குலை பழுத்துக் கிடக்கும். அதையும் தொடாதே என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

வாசகி, நீர்வேலி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அந்தப் போத்தலைத் திறக்க வேண்டாம். மகள் கிட்டவும் போகக்கூடாது. அதற்காகத் தங்கச்சியைக் கோபிக்காதீர்கள். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் உங்கள் சீனி மாட்டுப்படுகிறது.

பாலில் இருப்பதும் போத்தலில் இருப்பதும்

சீ.எல்.ஏ. என்பது ஒரு கொழுப்பமிலம். முழுப்பெயர் கொன்ஜுகேற்றட் லினோலெயிக் அசிட். புல் மேயும் மாட்டின் இரைப்பையில் வாழும் பற்றீரியாக்கள், புல்லில் உள்ள கொழுப்பமிலத்தை மாற்றும்போது இது உருவாகிறது. அதனால் பசுப்பால், ஆட்டுப்பால், நெய், தயிர், ஆட்டிறைச்சி என்று இரைமீட்கும் விலங்குகள் தரும் எல்லாவற்றிலும் இது கொஞ்சம் இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பரீசா என்பவர், வாட்டிய மாட்டிறைச்சியில் கெடுதலான பொருட்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவற்றுக்கு எதிராக வேலை செய்யும் ஒன்று கூடவே இருப்பதைக் கண்டார். அது சீ.எல்.ஏ. என்று 1987இல் அடையாளம் காணப்பட்டது. இன்று போத்தலில் வரும் வியாபாரத்தின் தொடக்கம் அதுதான்.

"பாலில் இருக்கிற சத்து" என்ற பேச்சு இந்த இடத்தில்தான் வழுக்குகிறது. சீ.எல்.ஏ.யில் பல வடிவங்கள் உண்டு. இரட்டைப் பிணைப்பு எந்த இலக்கக் காபனில் நிற்கிறது என்பதை வைத்து, முக்கியமான இரண்டை 'ஒன்பது–பதினொன்று', 'பத்து–பன்னிரண்டு' என்று அழைப்போம். பாலில் இருப்பதில் மிகப் பெரும் பங்கு ஒன்பது–பதினொன்று. கொழுப்பைக் குறைப்பதாக ஆய்வுகளில் தெரிந்தது பத்து–பன்னிரண்டு. அது பாலில் பேருக்குத்தான் இருக்கிறது. குளிசை தயாரிக்கிறவர்கள் பாலைத் தொடுவதே இல்லை. பெரும்பாலும் குசும்பா விதை எண்ணெயைக் காரம் சேர்த்துச் சூடாக்கி, இரண்டு வடிவமும் ஏறக்குறைய சரிபாதியாக வரும்படி செய்கிறார்கள்.

அளவையும் பாருங்கள். ஒரு கோப்பை, அதாவது 200 மில்லிலீற்றர் பாலில், சுமார் 8 கிராம் கொழுப்பு. ஒரு கிராம் பால்கொழுப்பில் சீ.எல்.ஏ. 5 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஆக, கோப்பைக்கு 40 மில்லிகிராம். ஆய்வுகளில் கொடுத்த அளவு நாளுக்கு 3.2 கிராம். அதைப் பாலில் எடுக்க வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 80 கோப்பை குடிக்க வேண்டும். ஆகவே குளிசையில் இருப்பது உங்கள் வீட்டு மாடு தருவதல்ல. வேறு வடிவம், வேறு அளவு.

மீனெண்ணெய்க்கும் இதற்கும் உறவு பெயரளவில்தான். மீனெண்ணெயில் இருப்பது ஒமேகா-3. இது ஒமேகா-6 பக்கத்து ஆள். சூடையும் சாளையும் தரும் பலனை இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

கரைவது எவ்வளவு?

கொழுப்புக் கரையும் என்பது பொய்யில்லை. 1997இல் எலிகளுக்குத் தீனியில் நூற்றுக்கு அரைப் பங்கு சீ.எல்.ஏ. கலந்து கொடுத்தார்கள். உடற்கொழுப்பு, கொடுக்காத எலிகளைவிட 57 முதல் 60 சதவீதம் வரை குறைந்தது. இந்தக் கணக்கைத்தான் விளம்பரக்காரர் இன்றும் வேறு வேறு வார்த்தைகளில் விற்கிறார்கள். ஆனால் அந்த எலிகள் தின்ற அளவு, உடல் நிறைக்கு ஒப்பிட்டால், மனிதருக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு.

மனிதரில் என்ன நடந்தது? 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2007இல் வந்தது. நாளுக்கு 3.2 கிராம் எடுத்தவர்களுக்கு, மருந்தில்லாத வெறுங்குளிசை எடுத்தவர்களைவிட வாரத்துக்கு 90 கிராம் கொழுப்புக் கூடுதலாகக் குறைந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த வேகமும் தளர்ந்தது. ஆறு மாதமும் அதற்கு மேலும் நீடித்த ஏழு ஆய்வுகளை 2012இல் இன்னொரு குழு தொகுத்தது. நிறையில் வித்தியாசம் 700 கிராம், கொழுப்பில் 1.33 கிலோ. மருத்துவ ரீதியில் இதற்குப் பெரிய பொருள் இருப்பதாகத் தெரியவில்லை என்று அவர்களே எழுதினார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையும், இது உடல் நிறையைக் கட்டுப்படுத்த உதவுகிறது என்று லேபலில் போடுவதற்குப் போதிய சான்று இல்லை என்று 2010இல் சொல்லிவிட்டது.

இனி உங்கள் மூன்று போத்தலுக்கு வருவோம். '1000 மில்லிகிராம்' என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அது எண்ணெயின் மொத்த நிறை. பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் சீ.எல்.ஏ. மட்டும் எவ்வளவு என்று இருக்கும். வழக்கமாக 800 மில்லிகிராம் அளவில். ஆய்வில் கொடுத்த அளவை எட்ட நாளுக்கு நாலு குளிசை வேண்டும். மூன்று போத்தலில் 270. அவை 67 நாளில் முடிந்துவிடும். வாரத்துக்கு 90 கிராம் கணக்கில், கடைசிக் குளிசையை விழுங்கும்போது போயிருக்கும் கொழுப்பு 850 கிராம் சொச்சம். அதுவும் பலரின் சராசரி. உங்களுக்கு அவ்வளவு வரும் என்ற உறுதி இல்லை. ஆறு மாதம் எடுக்க எட்டுப் போத்தல் தேவை.

அந்த 1.33 கிலோவை வேறு தராசில் போடுவோம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. 1.33 கிலோவுக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். ஆறு மாதத்தால், அதாவது 180 நாளால் பிரித்தால் நாளுக்கு 57 கலோரி. ஒரு தேக்கரண்டி சீனியில் 16 முதல் 20 கலோரி. உங்கள் மூன்று தேத்தண்ணியிலும் தலா ஒரு கரண்டியாக மூன்று கரண்டி சீனியைக் குறைத்தால், எட்டுப் போத்தல் தரக்கூடியதைக் கிட்டத்தட்ட எட்டிவிடுகிறீர்கள். இது பருமட்டான கணக்குத்தான். உடம்பு கணக்குப் புத்தகம் போல நடப்பதில்லை. ஆனாலும் எதைப் பெரிதாக நினைக்கிறோம், எதைச் சிறிதாக நினைக்கிறோம் என்று இது காட்டிவிடும். கனடாவிலிருந்து கப்பலில் வந்ததும் குசினித் தட்டில் இருக்கும் சீனிப் போத்தலும் ஒரே நிறைதான்.

கரையில் நிற்கும் சீனி

பலன் சிறிது என்பதற்காக மட்டும் நான் மறிக்கவில்லை. பலன் சிறிதென்றாலும் கேடில்லையென்றால், தங்கச்சியின் மனத்துக்காக எடுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

சுவீடனில் வயிறு பருத்த 60 ஆண்களிடம் 12 வாரம் செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. பத்து–பன்னிரண்டு வடிவத்தை மட்டும் தனியாக எடுத்தவர்களுக்கு இன்சுலினுக்கு உடல் கீழ்ப்படியாத தன்மை 19 சதவீதம் கூடியது. இரத்தச் சீனியும் சற்று ஏறியது, நல்ல கொலஸ்ட்ரோல் சற்று இறங்கியது. கலப்புக் குளிசை அவ்வளவு கடுமையாகச் செய்யவில்லை. ஆனால் 2004இல், ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்குக் கலப்பையே நாளுக்கு 3 கிராம் வீதம் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தபோது, வெறுவயிற்றுச் சீனி ஏறக்குறைய 6 சதவீதம் கூடியது. எல்லா ஆய்வும் இப்படி முடியவில்லை. சீனியில் மாற்றமே இல்லை என்றவையும் உண்டு. அதனால்தான் ஐரோப்பிய அதிகாரசபை, ஆறு மாதம் வரை சாதாரண ஆட்களுக்குப் பரவாயில்லை, நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதுகாப்பானது என்று நிலைநாட்டப்படவில்லை என்று நிறுத்திக்கொண்டது.

உங்கள் 112 இன்னும் நீரிழிவு இல்லை. 126ஐ எட்டினால்தான் அந்தப் பெயர். ஆனால் கிணற்றுக் கட்டில் நிற்கிற ஆளை, சும்மா விளையாட்டுக்கும் தள்ளிப் பார்ப்பதில்லை. இந்தக் குளிசையால் வயிற்றோட்டம், வயிற்றுப் பொருமல் வருவது சாதாரணம். அரிதாக ஈரல் பாதிக்கப்பட்டதாகவும் மருத்துவப் பதிவுகள் உள்ளன. ஏற்கெனவே சில நாள் எடுத்திருந்தால், சீனியோடு ஈரலுக்கான இரத்தப் பரிசோதனையும் ஒருமுறை செய்துகொள்ளுங்கள்.

மகளுக்கு

பால் கொடுக்கும் தாய்க்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம். காரணத்தை நீங்கள் மாட்டை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 2000ஆம் ஆண்டு, கறவைப் பசுக்களின் வயிற்றுக்குள் நாளுக்கு 10 கிராம் பத்து–பன்னிரண்டு வடிவத்தைச் செலுத்தினார்கள். சில நாளிலேயே பாலில் கொழுப்பு 40 சதவீதத்துக்கு மேல் இறங்கிவிட்டது. பெண்களிடம் செய்த ஒரு சிறிய ஆய்விலும் தாய்ப்பாலின் கொழுப்புக் குறைந்தது. நாலு மாதப் பிள்ளைக்குச் சாப்பாடு அந்தப் பால் ஒன்றுதான். பிள்ளையின் பங்கிலிருந்து கொழுப்பை எடுக்கும் குளிசை அந்த வீட்டில் இருக்கவே வேண்டாம். மகளின் நிறை பிள்ளை சோறு தின்னத் தொடங்கிய பிறகும் குறையலாம், அவசரமில்லை.

விரதமும் குளிசையின் கோதும்

இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்; நல்ல கேள்வி. உள்ளே இருக்கும் எண்ணெய் தாவரத்தினது. வெளியில் இருக்கும் மென்மையான கோது பெரும்பாலும் ஜெலற்றின். அது மாடு அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. கொடியேறிய நாளிலிருந்து மச்சச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும் வீட்டில், காலைச் சாப்பாட்டோடு நாலு ஜெலற்றின் கோது விழுங்குவது பொருத்தமில்லை. இந்த விஷயம் மீனெண்ணெய், விற்றமின் ஈ குளிசைகளுக்கும் பொருந்தும். டொக்டர் எழுதிக் கொடுத்த மருந்தென்றால் கோதுக்காக நிறுத்தாதீர்கள், அவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. இது இலகுவில் பழுதாகும் எண்ணெய். கடல் பார்சல் பெட்டி வாரக்கணக்கில் வெக்கையில் கிடந்து வருவது உங்களுக்குத் தெரியும். ஒரு குளிசையை ஊசியால் குத்தி மணந்து பாருங்கள். பழைய எண்ணெய் நாற்றமோ பெயின்ற் மணமோ வந்தால் எண்ணெய் கெட்டுவிட்டது.

தராசுக்குத் தெரியாதது

தங்கச்சி சொன்ன "கொழுப்பைக் கரைத்துத் தசையைக் கூட்டும்" என்பதில் ஒரு நல்ல எண்ணம் இருக்கிறது. நிறை எவ்வளவு என்பதைவிட அந்த நிறை எதனால் ஆனது என்பதுதான் எங்கள் ஆட்களுக்கு முக்கியம். பூனாவைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் 2004இல் 'லான்செற்' சஞ்சிகையில் தங்கள் இருவரையுமே படமாகப் போட்டு எழுதினார்கள். உயரத்துக்கேற்ற நிறைக் குறியீடு இருவருக்கும் ஒரே 22.3. உடற்கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. தெற்காசிய உடல்வாகு அது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆசியர்களுக்கு 23இலிருந்தே கவனம் தேவை, 27.5க்கு மேல் ஆபத்து அதிகம் என்று வைத்தது. உங்களுடையது 28.4. வயிற்றுச் சுற்றளவு எங்கள் பெண்களுக்கு 80 சென்றிமீற்றருக்குள், அதாவது 31½ அங்குலத்துக்குள் இருப்பது நல்லது.

தசையைக் கூட்டக் குளிசை தேவையில்லை, தசைக்கு வேலை வேண்டும். நீர்வேலிச் செம்மண்ணில் ஒரு காலத்தில் துலா மிதித்து இறைத்துத்தான் வாழை வளர்த்தார்கள். மண்வெட்டியோடு வரம்பில் நின்றவர் ஒரு கோப்பைச் சோறு கூடச் சாப்பிட்டாலும் பொழுதுபடமுன் அது எரிந்துவிடும். இப்போது சுவிச்சைப் போட்டால் மோட்டர் இறைக்கிறது, சந்திக்குப் போக ஸ்கூட்டி நிற்கிறது. கோப்பை மட்டும் துலாக் காலத்து அளவிலேயே இருக்கிறது.

என்ன செய்யலாம்?

சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு, சீனி கரையில் நின்ற 531 பேரை மூன்று வருடம் பின்தொடர்ந்து 2006இல் முடிவை வெளியிட்டது. பொதுவான புத்திமதி மட்டும் கேட்டுப் போனவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. நாளுக்கு அரை மணி நேரம் நடந்து, சீனியையும் எண்ணெயையும் குறைத்தவர்களில் அது 39 சதவீதம். ஏற்கெனவே உடம்பு முறிய வேலை செய்கிறவர்களுக்கு, அதை விடாதீர்கள் என்று மட்டும் சொன்னார்கள். இதில் உங்களுக்கு ஆறுதலான ஒன்று உண்டு: அவர்களின் நிறை பெரிதாகக் குறையவேயில்லை, ஆனாலும் பலன் கிடைத்தது. தராசு முள் அசையவில்லை என்று மூன்றாம் கிழமையே நடையை விட்டுவிடாதீர்கள்.

ஆகவே இப்படித் தொடங்குங்கள்.

தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி சீனி. இரண்டு கிழமையில் நாக்குப் பழகிவிடும், பிறகு அரைக் கரண்டி. சீனிக்குப் பதில் பனங்கட்டி கடித்தால் பரவாயில்லையா என்று கேட்பீர்கள். ருசியில் வேறு, கலோரியில் சீனியின் தமையன்.

சோற்றை ஒரேயடியாக வெட்டியதால்தான் பசித்தது. கோப்பையில் முதலில் கறியைப் போடுங்கள்: பாதிக்குக் கீரை, வாழைப்பொத்தி வறை, வாழைத்தண்டு, பயிற்றங்காய். கால்வாசிக்கு மீன், முட்டை, பருப்பு அல்லது அவித்த கடலை. மீதிக் கால்வாசிக்குச் சோறு, முடிந்தால் குத்தரிசி. மச்சம் இல்லாத நாட்களில் பயறும் உழுந்தும் அந்த இடத்தை நிரப்பட்டும். இரவுப் புட்டுக்குத் தேங்காய்ப்பூவைக் கைபோன போக்கில் தூவாமல் அளந்து போடுங்கள்.

நடை நாளுக்கு அரை மணி நேரம், மூச்சு வாங்கும் வேகத்தில். கிழமைக்கு இரண்டு மூன்று தடவை தசைக்கு வேலை: கையூன்றாமல் கதிரையிலிருந்து பத்துத்தரம் எழும்பி இருங்கள், சற்று ஓய்ந்து மீண்டும் பத்து. கிணற்றடியிலிருந்து வாளியைக் கைமாற்றித் தூக்கி வந்து செவ்விளநீர்க் கன்றுக்கு ஊற்றினால் அதுவும் சேர்த்திதான். முழங்கால் நோவு இருந்தால் முதலில் காட்டிக் கேளுங்கள்.

இனி வாழைப்பழம். குலையைக் குற்றவாளியாக்க வேண்டாம். நாளுக்கு ஒரு கதலிப்பழம், அல்லது சின்ன இதரைப்பழம், பின்னேரம் தேத்தண்ணியோடு எடுக்கும் பிசுக்கோத்துக்குப் பதிலாகச் சாப்பிடலாம். சாப்பாட்டுக்கு மேல் இரண்டு, போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்றால்தான் கணக்குப் பிழைக்கும். நன்றாகக் கனிந்து கறுத்ததைவிட அப்போதுதான் பழுத்தது நல்லது.

இலக்குச் சின்னதாக இருக்கட்டும்: ஆறு மாதத்தில் 71 கிலோவிலிருந்து மூன்றரைக் கிலோ. மூன்று மாதம் கழித்துக் கோப்பாய் வைத்தியசாலையிலோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ வெறுவயிற்றுச் சீனியையும், மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி.யையும் பாருங்கள். தையல் நாடாவை அதே இடத்தில், தொப்புளுக்கு நேரே, மூச்சை வெளியே விட்டபின் வைத்து அளந்து கலண்டரில் எழுதி வையுங்கள். டொக்டர் மருந்து தொடங்கச் சொன்னால் மறுக்காதீர்கள்.

தங்கச்சிக்கு என்ன சொல்வது? அக்காவின் வயிற்றை நினைத்துக் காசு செலவழித்து அனுப்பியவர். "குப்பையிலை போட்டிட்டன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சீனி கரையில் நிற்கிறவர்களுக்கு இது ஒத்துவராது என்று டொக்டர் மறித்துவிட்டார் என்று என் தலையில் போடுங்கள். அடுத்த பார்சலில் அனுப்ப என்ன வேண்டும் என்று அவர் கட்டாயம் கேட்பார். கால் அளவைச் சொல்லி, நடக்கிறதுக்கு ஒரு சோடி நல்ல சப்பாத்துக் கேளுங்கள்.